விசையும் பயனிலையும்

‘சாத்தன்’ என்று கூறிவிட்டு ஒருவன் வாளா இருப்பானாயின், ‘சாத்தன் யாது செய்தான்?’ என்று கேட்போன் நெஞ்சம் வினவிக்கொண்டேயிருக்கும். எழுவாயைக் கேட்ட செவி பயனிலையை அவாவி நிற்றல் இயல்பு. இற்றை நாளில் இளைஞர் பலருடைய கண்ணையும் கையையும் ஒருங்கே கவர்ந்து நிற்கும் வீடியோ விளையாட்டுக்களிலும் இத்தகையதோர் எழுவாய் உண்டு. தரையிலேனும் சுவரிலேனும் பதித்து வைக்கப்பெற்ற விசையே அது. சுவிட்சு என்று யாவரும் வழங்குவர். அதனை மிதித்தோ, அடித்தோ, இழுத்தோ விட்ட அளவில், ‘இனி யாது நிகழும்?’ என்னும் வினா ஆடுவோன் உள்ளத்தில் எழுகின்றது. அவ்வினாவிற்குரிய விடை எங்கே, எப்பொழுது, யாங்ஙனம் கிடைத்தல் வேண்டும் என்பது பற்றி எமக்குள்ள கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் இப்பொருளா என்று முகஞ் சுளிப்பாரும் உளராகலாம். மாணவர் விடுதியில் மாலைதோறும் இவ்விளையாட்டுக்களைப் பற்றி நிகழும் சொற்போர், சங்க நூல்களைப் பற்றி நிகழும் சொற்போரினும் மிகுதி என்பதை அவர்கள் அறிவார்களாக. பலர் பேசுவதும் ஒருவரும் எழுதாததுமாகிய பொருளைப் பற்றி எழுதுதல் குற்றமாகாது என்று கருதுகின்றோம்.

யாம் எடுத்துக்கொண்டது எல்லா வீடியோ விளையாட்டுக்களையும் அன்று. ஒரு மேடையினின்று மற்றொரு மேடைக்குத் தாவிச் செல்லும் வகையினை மட்டுமே. பிளாட்பார்மர் என்பது இவற்றின் வழக்குப் பெயர். அவற்றுள்ளும் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று பரிமாணங்களும் உடையனவே எம் ஆராய்ச்சிக்கு உரியன. நின்டெண்டோ நிறுவனத்தார் 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டுக் கருவிக்கும் சுவிட்ச் என்றே பெயர்; அதனையும் இதனையும் மயக்கற்க.

இரு பரிமாண விளையாட்டுக்களில் விசையால் யாதொரு சிக்கலும் இல்லை. 1988 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ என்னும் விளையாட்டில், ‘பி’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசையொன்று உண்டு. மாரியோ அதனை மிதித்தவுடன் காசுகள் கற்களாகும்; கற்கள் காசுகளாகும்; சிறிது நேரம் கழிந்தபின் யாவும் பழையபடியாகும். திரையே உலகமாதலின் காரணமும் காரியமும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. ஆற்று நீர் போல நேரே ஒழுகும் செய்யுளைப் படிப்போன் பொருளைத் தேடி அலைவதில்லை, இதுவும் அத்தகையதே.

முப்பரிமாணத்தில் அவ்வாறன்று. அங்கே ஆடுவோனுக்குக் கண்ணாவது, மாரியோவின் முதுகுக்குப் பின்னே மிதந்து செல்லும் கற்பனைக் காமிரா ஒன்றே. அது காட்டும் திசையில் உள்ளது தெரியும்; மற்றைத் திசைகளில் உள்ளது தெரியாது. ஆகவே முன்னே உள்ள விசையை மிதிக்கும்பொழுது, பின்னே ஒரு கதவு திறத்தலும், மலையின் மறுபுறத்தில் ஒரு பாலம் எழுதலும் கூடும். ஆடுவோன் காணாத இடத்தில் பயனிலை வந்து நிற்கின்றது. நெடுந்தொலைவிலுள்ள சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் கொள்ளும் கொண்டுகூட்டுப் பொருள்கோளை நன்னூலில் படித்திருக்கின்றோம். முப்பரிமாண விளையாட்டின் விசை இயல்பாகவே கொண்டுகூட்டு ஆகிவிடுகின்றது. அதனை ஆடுவோன் தானே கூட்டிக்கொள்ளுமாறு அமைப்பதா, அன்றி அவனுக்காகப் பிறர் கூட்டிக் காட்டுவதா என்பதே எம் வழக்கு.

இவ்வகையில் 1996 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. ‘சூப்பர் மாரியோ 64’, ‘டூம்ப் ரெய்டர்’, ‘கிராஷ் பாண்டிகூட்’ ஆகிய மூன்றும் அவ்வோராண்டிலேயே வெளிவந்தன. மூன்றிலும் விசைகள் உள்ளன. இவற்றுள் மியாமோட்டோ சிகெரு என்பார் இயக்கிய மாரியோவினது விளையாட்டே விசையின் இயல்பை நன்கு உணர்ந்தது என்பது எம் துணிபு.

அவ்விளையாட்டில் ஓர் அரண்மனையும், அதன் சுவர்களில் தொங்கும் ஓவியங்களும் உள்ளன. ஓவியத்துள் குதித்தால் ஒரு களம் தோன்றும். இவ்வாறு 15 பெருங்களங்களும், அவற்றிலும் பிறவிடங்களிலுமாகத் தேடிப் பெறவேண்டிய 120 விண்மீன்களும் உள்ளன. முதற்களத்திலேயே ஆடுவோன் ஒரு புதுமையைக் காண்கின்றான். வரைகோட்டு வடிவாய், ஊடே பார்க்கக்கூடியதாய், உள்ளீடற்ற பெட்டி ஒன்று அங்கே நிற்கின்றது. முட்டினால் முட்டப்படாது, ஏறினால் ஏறவொண்ணாது. அதன் நிறம் மட்டும் சிவப்பு என்று தெரிகின்றது. அப்பெட்டி ஓர் எச்சச் சொல். ‘வந்த’ என்று ஒருவர் கூறி நிறுத்தினால் வந்தவன் யாவன் என்று நாம் அவாவுமாறு போல, இதனை முற்றுவிப்பது யாது என்று ஆடுவோன் அவாவுகின்றான். பின்னர் வேறோரிடத்தில், வானத்தே நிற்கும் கோபுரமொன்றன் உச்சியில், பெரியதொரு செந்நிற விசையைக் காண்கின்றான். மிதித்த அளவில், எல்லாக் களங்களிலும் உள்ள செந்நிற வரைகோட்டுப் பெட்டிகள் திண்ணிய பெட்டிகளாகின்றன. அவற்றுள் சிறகு முளைத்த தொப்பி இருக்கின்றது. அதனை அணிந்து மாரியோ பறக்கின்றான். பச்சை விசை உலோகத் தொப்பியையும், நீல விசை மறையும் தொப்பியையும் இவ்வாறே அளிக்கின்றன.

இதன் நயம் எங்குள்ளது? விசைக்கு முன்பே பயனின் வடிவு காட்டப்பட்டது, அதுவே நயம். எச்சம் முன்னே நிற்க, முற்று பின்னே வருகின்றது. விசையை மிதித்தவனுக்கு, ‘அங்கே அன்று கண்டோமே, அது இப்பொழுது என்னவாயிற்றோ?’ என்னும் நினைவு தானே எழுகின்றது. அவன் திரும்பிச் செல்கின்றான். எவரும் அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவில்லை. இம்முறை முற்றும் புதியதன்று. 1990 ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’ விளையாட்டிலேயே நான்கு நிறங்களுக்கு நான்கு விசை மாளிகைகள் இருந்தன. புள்ளிக்கோட்டுப் பெட்டிகள் அவற்றால் திண்மை பெற்றன. ஆயினும் முப்பரிமாணத்தில் அந்நினைவு மேலும் ஆழமுடையதாகின்றது. நாம் நடந்து சென்ற இடமாக அது உள்ளத்தில் பதிந்துவிடுகின்றமையின் என்க.

அவ்விளையாட்டிலேயே இதனினும் சிறந்தது ஒன்று உண்டு. நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும் களமொன்றில், பளிங்கு போன்ற விசைகள் பல்வேறு உயரங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த உயரத்தில் உள்ள விசையைத் தொடுகின்றோமோ அந்த உயரத்திற்கு நீர்மட்டம் ஏறும் அல்லது இறங்கும். கதவு திறந்தது என்று கூறுதற்கு அங்கே ஒன்றுமில்லை. இடமே மாறிவிடுகின்றது. முன்பு நீந்திச் சென்ற இடத்தில் இப்பொழுது நடத்தல் வேண்டும்; அண்ணாந்து பார்த்த மேடை காலடியில் மிதக்கின்றது. விசையையும் பயனையும் ஒருங்கே காணலாம். எத்திசையில் திரும்பினும் நீர் நீரே. மேலும், களத்துள் புகும்பொழுது ஓவியத்தின் எப்பகுதியில் குதித்தோமோ அதற்கேற்பவே முதல் நீர்மட்டமும் அமைகின்றது. உயரக் குதித்தவனுக்கு நீர் உயர்ந்தும், தாழக் குதித்தவனுக்குத் தாழ்ந்தும் இருக்கும். ஓவியமே ஒரு விசை என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. கடிகாரக் களமும் அத்தகையதே. கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டில் நிற்கும்பொழுது உள்ளே குதித்தால், உள்ளுள்ள பற்சக்கரங்களும் ஊசல்களும் அசைவற்று நிற்கின்றன. குதித்த நேரமே விசை!

அரண்மனையின் நிலவறையில் நீர் நிறைந்த அறையொன்று உண்டு. அங்குள்ள தூண்கள் இரண்டனையும் மேலெழுந்து குதித்து அமிழ்த்தினால் நீர் வடிகின்றது. அறையில் மட்டுமன்று, வெளியே அரண்மனையைச் சூழ்ந்த அகழியிலும் நீர் வற்றிவிடுகின்றது. முதல் நாள் தொட்டு நாம் நீந்தி விளையாடிய அகழி அது. வெளிவந்து அதன் வறண்ட அடித்தளத்தில் நடக்கும்பொழுது உண்டாகும் வியப்பு எழுதிக் காட்டுதற்கு அரியது. அங்குத்தான் மறையும் தொப்பிக்குரிய வழி ஒளிந்திருந்தது.

இனி மற்றொரு சாராரைக் காண்போம். விசையை இழுத்தவுடன் காமிரா ஆடுவோனை விட்டுப் பறந்து சென்று, தொலைவிலுள்ள கதவொன்று திறத்தலைக் காட்டி, மீண்டும் அவனிடம் வந்து சேரும் முறையே அது. ‘டூம்ப் ரெய்டர்’ இதனை மிகுதியாகக் கையாண்டது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தார் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பான்ஜோ-கசூயி’யிலும் உண்டு. பின் வந்த விளையாட்டுக்கள் எண்ணற்றவை இதனைப் பின்பற்றின. இதனை யாம் பொழிப்புரை முறை என்போம். செய்யுளைப் படிக்கப் புகுவோனுக்கு, அவன் ஒரு சீரைப் படிப்பதற்கு முன்னரே பொருள் இதுவென்று உரைத்துவிடுதல் போன்றது. தேர்வுக்கு முந்தைய இரவில் பொழிப்புரையின் பயனை யாமும் அறிவோம். ஆனால் பொழிப்புரை மட்டும் படித்தவன் செய்யுளைப் படித்தவன் ஆகான். திறந்த கதவைத் தானே கண்டவனும், கண்டதாகக் காட்டப்பட்டவனும் வேறு வேறு.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அத்தனை பெரிய இடத்தில் எக்கதவு திறந்தது என்று தெரியாமல் ஆடுவோன் அலைந்து சலிப்பான்; ஆகவே காட்டுதல் இரக்கமுடைமை என்பர். மெய்யே. ஆனால் அச்சலிப்பு எதனால் விளைந்தது? விசையையும் கதவையும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இடங்களில் வைத்ததனால் விளைந்தது. கட்டடத்தில் உள்ள குறையைக் காமிரா மூடி மறைக்கின்றது. ‘டூம்ப் ரெய்டர்’ விளையாட்டிலேயே மைதாஸ் அரண்மனை என்னும் களத்தில் 5 விசைகள் ஒரு வரிசையாய் உள்ளன. அவற்றை மேலும் கீழுமாக நிறுத்தும் முறைக்கேற்ப வெவ்வேறு கதவுகள் திறக்கின்றன. அங்கே நின்று ஆராய்வதில் ஓர் இன்பம் உண்டு. அதனைக் கட்டியவர்களுக்கே கட்டும் ஆற்றல் இருந்ததாதலின், ஏனைய இடங்களில் காமிராவை அவர்கள் துணைக்கழைத்ததை யாம் மன்னித்தற்கு இயலவில்லை.

‘பான்ஜோ-கசூயி’யைப் பற்றி எம் உள்ளம் இருபாற்பட்டு நிற்கின்றது. அதன் 9 உலகங்கள் ஒவ்வொன்றிலும் சூனியக்காரியின் முகம் பொறித்த விசையொன்று உள்ளது. அதனை அமிழ்த்தினால், வெளியே அவளது குகையில் எங்கோ ஒரு பொற்றுண்டு தோன்றும். காமிரா அதனைக் காட்டும். காட்டியும் அவ்விடம் எங்குள்ளது என்று பல வேளைகளில் விளங்குவதில்லை; காட்டிய பயன் யாதோ அறியோம். ஆனால் அதே விளையாட்டின் இறுதி உலகம் நான்கு பருவங்களாக அமைந்த ஒரு காடு. இளவேனிற் காட்டில் உள்ள விசை வேனிற் காட்டின் கதவைத் திறக்கும். வேனிலில் உள்ளது இலையுதிர் காலத்தின் கதவை. அதில் உள்ளது பனிக்காலத்தின் கதவை. இவை வெறுங் கதவுகளே. ஆயினும் அங்கே விசையென்று பெயர் பெறாத விசையொன்று உண்டு. இளவேனிலில் மரத்தின் மேலுள்ள கழுகின் முட்டையை உடைத்துக் குஞ்சை வெளிப்படுத்துகின்றோம். வேனிலில் அதற்குப் புழுக்களை ஊட்டுகின்றோம். இலையுதிர் காலத்தில் மேலும் ஊட்டுகின்றோம். பனிக்காலத்தில் அது வளர்ந்த கழுகாய் நின்று பரிசளிக்கின்றது. ஒரு வினைக்கும் அதன் பயனுக்கும் இடையே மூன்று பருவங்கள் கழிந்தன. இதனை எந்தக் காமிராவும் பறந்து சென்று காட்டவில்லை, காட்டியிருந்தால் கெட்டிருக்கும்.

ரேர் நிறுவனத்தாரே அடுத்த ஆண்டில், 1999 இல், ‘டாங்கி காங் 64’ என்பதை வெளியிட்டனர். இதில் ஐந்து குரங்குகள் ஆடுவோனுக்கு உரியன. விசைகளின் மேல் அக்குரங்குகளின் முகம் வரையப்பட்டுள்ளது. எக்குரங்கின் முகமோ அக்குரங்கே மிதித்தல் வேண்டும். பிறிதொன்று மிதித்தால் விசை அசையாது. வேறு குரங்காக மாற வேண்டுமாயின், அதற்கென வைத்த பீப்பாயைத் தேடிச் சென்று உள்ளே புகுதல் வேண்டும். பசிய விசையும், நீல விசையும், சிவந்த விசையும் வேறு வேறு. கற்ற வலிமைக்கேற்பவே அவை இசையும். இங்கே விசை, ‘நீ யாது செய்வாய்?’ என்று வினவுவதை விட்டு, ‘நீ யார்?’ என்று வினவுகின்றது. தாவும் திறமோ, இடத்தை நோக்கும் கூர்மையோ அதற்கு வேண்டுவதில்லை; உரிய முகச்சீட்டே வேண்டும். அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக அறைக்கு அறை அலைதற்கும் இதற்கும் வேற்றுமை காண்டல் அரிது.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்கள் சிலர் எழுப்பும் தடையொன்றனைக் கருதுதல் வேண்டும். அமெரிக்க நாட்டு உளநூலறிஞர் ஸ்கின்னர் ஒரு பெட்டி அமைத்தார். அதனுள் எலியை விட்டார். எலி நெம்புகோலை அழுத்துந்தோறும் உணவு விழுந்தது. எலி மேன்மேலும் அழுத்திற்று. 1938 ஆம் ஆண்டு அவர் எழுதிய நூலில் இவ்வாராய்ச்சிகள் கூறப்பெற்றன. ‘நீவிர் விசையை மிதிப்பதும் காசு சொரிவதும் இவ்வெலியின் செயலே அன்றோ?’ என்று எம்மை வினவுவர்.

இத்தடை வலியுடையது, எள்ளி நகைத்துத் தள்ளற்பாலதன்று. விசையை அமுக்கியவுடன் இசை முழங்கக் காசும் மின்னலும் கொட்டும் விளையாட்டுக்கள் பல உள்ளன. அவற்றைப் பற்றி அவர்கள் கூறுவது முற்றும் உண்மையே. பொழிப்புரைக் காமிராவும் அவ்வெலிக்கூட்டின் இனத்தைச் சேர்ந்ததே. அழுத்தினாய், கிடைத்தது, இனி அடுத்ததை அழுத்துக என்பதே அதன் சொல்லாதலின். எலியின் பெட்டியில், நெம்புகோலுக்கும் உணவுக்கும் இடையே உள்ளது எலிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் அகழியின் நீர் வடிந்ததைக் கண்டவன், நிலவறைக்கும் அகழிக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொண்டான்; அரண்மனை முழுவதையும் ஒரே கட்டடமாக உள்ளத்தில் கட்டிக்கொண்டான். இனி ஒருகால் நீர் நிறைந்த வேறோர் இடத்தைக் காணின், ‘இது எங்கிருந்து வருகின்றது?’ என்று அவன் வினவுவான். எலி அங்ஙனம் வினவியதாக யாம் படித்ததில்லை.

ஆகவே நல்ல விசையும் தீய விசையும் ஒரே பெயரால் வழங்கப்படுவது பெருந்தீங்காய் முடிகின்றது. பெற்றோர் ஒருவர் பிள்ளையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும்பொழுது அவர் கண்ணுக்குத் தெரிவது பிள்ளையின் கட்டைவிரல் ஒன்றே. அவ்விரல் எலியின் விரலா, அகழியை வடித்தவனின் விரலா என்று அவர் எங்ஙனம் அறிவார்? ஆடுகின்ற நாமே இவ்வேற்றுமையை எடுத்துச் சொல்லாதிருப்பின், எல்லாவற்றையும் ஒருங்கே விலக்குதல் அவர்க்கு எளிதாகிவிடும்.

இனிக் காலங்குறித்த விசைகள். மிதித்தவுடன் கடிகாரம் ஒலிக்கத் தொடங்கும். அவ்வொலி நிற்பதற்குள் குறித்த இடத்தை அடைதல் வேண்டும். தவறின் யாவும் மறையும். மாரியோவின் முதல் முப்பரிமாண விளையாட்டில், பகைவனது இருட்களத்தில் ஊதாநிற விசையொன்று படிக்கட்டை இவ்வாறே சிறிது நேரம் எழச்செய்கின்றது. படிகள் கண்ணெதிரே நிற்கின்றன. ஓடவேண்டிய வழி தெளிவு. தவறினால் மீண்டும் மிதிக்கலாம். இஃது அறமுடைய ஆட்டம். ‘பான்ஜோ-கசூயி’யின் கப்பல் துறையிலோ இதற்கு மாறானது நிகழ்கின்றது. கப்பலின் இயந்திர அறையில், சுழலும் பொறிகளுக்கிடையே தாவி, விசைகளை அமிழ்த்திக் கப்பலின் பின்புறச் சுழலிகளைத் தளரச் செய்தல் வேண்டும். பின்னர் அவ்வறையை விட்டு வெளியேறி, எண்ணெய் படிந்த நீரில் குதித்து, மூச்சு விரைந்து குறைய, காலம் முடிவதற்குள் அவற்றின் பின்னுள்ள பொற்றுண்டை எடுத்தல் வேண்டும். இயந்திர அறையில் வீழ்ந்தால் உயிர் போகும். உயிர் போனால், முதல் வெளியீட்டில், அவ்வுலகில் அதுவரை ஈட்டிய இசைக்குறிகளும் போகும். தொடக்கத்தினின்றே ஈட்டுதல் வேண்டும். பயனும் கண்ணுக்கெட்டாத இடத்தில், தண்டனையும் செய்த பிழைக்கு மேற்பட்டது. 2008 ஆம் ஆண்டு வந்த மறுவெளியீட்டில் ஈட்டிய குறிகள் இழக்கப்படாதவாறு மாற்றினர். இருபது பேர் முறையிட்டால் ஒரு விதி மாறும் என்று அலுவலகங்களைப் பற்றிக் கூறுவர். இங்கே பத்தாண்டு சென்றது.

காலங்குறித்த விசைகளுள் எம் உள்ளங் கவர்ந்தது 2017 ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில் உள்ள சோளக்கொல்லைப் பொம்மை. அவ்விளையாட்டில் மாரியோவின் ஆற்றலெல்லாம் அவன் தொப்பியில் உள்ளது. தொப்பியை எறிந்து பகைவரை வீழ்த்துவான்; எறிந்த தொப்பியின்மேல் கால்வைத்து நெடுந்தொலைவு தாவுவான். ஆடுவோன் அப்பழக்கத்தில் ஊறிப்போயிருக்கும்பொழுது, வழியில் ஒரு பொம்மை நிற்கின்றது. தொப்பியை அதன் தலையில் எறிந்தால் மேடைகள் தோன்றும், கடிகாரம் ஓடும். ஆனால் தொப்பி பொம்மையின் தலையிலேயே இருத்தல் வேண்டும். வெறுந்தலையோடு, வெறுங்காலின் வலிமை கொண்டே அவன் தாவுதல் வேண்டும். விசையை அழுத்துதற்கு ஆடுவோன் தன்னிடமுள்ளதொன்றைக் கொடுக்கின்றான். கொடுத்ததனாலேயே அவனது நடை மாறுகின்றது. முகச்சீட்டுக் கேட்கும் விசையை மேலே இகழ்ந்தோம். கைப்பொருளை ஈடாகக் கேட்கும் இவ்விசையைப் புகழ்கின்றோம். முன்னது தடுக்கின்றது, பின்னது புதியதோர் ஆட்டத்தைத் தொடங்குகின்றது.

இத்துணையும் கூறியபின் எம் நெஞ்சை நெடுநாளாக உறுத்திய ஒன்றனைக் கூறுதல் வேண்டும். விசைகளைப் பிரித்தறிதற்கு விளையாட்டுக் கட்டுவோர் பெரும்பாலும் நம்புவது நிறத்தை. சிவப்பு, பச்சை, நீலம் என்று கூறிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். எம் விடுதியில் எம்மோடு ஆடும் அண்ணன் ஒருவர் உளர். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் அவர் கண்களுக்குப் பிறவியிலேயே இல்லை. பெயர் கூற வேண்டாத ஒரு விளையாட்டில், நான்கு விசைகளைச் சுவரில் தீட்டிய நிற வரிசைப்படி மிதிக்க வேண்டிய ஓரிடம் வந்தது. எங்களுள் அவரே தாவுதலில் வல்லவர். அங்கே மட்டும் அவர் கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இரண்டும் ஒரே மண்நிறமாத்தான் தெரியுது, தம்பி. எது எதுன்னு நீ சொல்லு” என்றார். யாம் சொன்னோம், அவர் மிதித்தார், கதவு திறந்தது. ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. பிறர் கண்ணால் தாவுதல் எத்தகைய ஆட்டம்?

இக்குறை அரியதன்று. வட ஐரோப்பிய மரபினரான ஆடவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேர்க்குச் சிவப்பு பச்சை வேற்றுமையை உணர்தலில் ஏதேனும் ஒரு குறை உண்டு என்று மருத்துவ நூலார் கூறுவர். பன்னிருவர் ஆடும் இடத்தில் ஒருவர்க்கு எழுவாயே விளங்காதெனின், பயனிலையைப் பற்றி யாம் இவ்வளவு பேசி என்ன பயன்? இங்கேதான் ‘டாங்கி காங் 64’ஐ ஒரு பகுதி போற்றுதற்கு இடமுண்டாகின்றது. அதன் விசையின் மேலுள்ள முகம் நிறத்தைச் சார்ந்ததன்று; நிறம் அறியாதானும் முகத்தை அறிவான். அம்முகம் கேட்ட கேள்வி அலுப்பூட்டுவதாயினும், கேள்வி யாதென்பதாவது எல்லார்க்கும் விளங்கிற்று. வடிவாலும் ஒலியாலும் உணர்த்துதல் அரிய செயலன்று. 2010 ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ காலக்சி 2’ இல், தாளத்திற்கேற்ப மஞ்சட் பெட்டிகளும் பச்சைப் பெட்டிகளும் மாறி மாறித் தோன்றும் ஒரு களம் உண்டு. மாறுதற்கு முன் தாள ஒலி கேட்கின்றது. கண் தவறினும் செவி கூறிவிடும். இசைத்தமிழ் பயில்வார்க்கு அக்களம் மிக எளிது என்று நண்பர் ஒருவர் கூறுவர். எமக்கு அவ்வளவு எளிதாயிருந்ததில்லை.

அதற்கு முந்தையதாகிய 2007 ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ காலக்சி’யில், தரை முழுதும் விசையாய் அமைந்த சிறுகோள் ஒன்று உள்ளது. மிதித்த ஓடு நீலம் நீங்கி மஞ்சளாகும். ஓடுகள் அனைத்தும் மஞ்சளானால் விண்மீன் தோன்றும். கோளின் எப்பக்கத்தில் நடப்பினும் கால் தரையிலேயே பற்றுமாதலின், மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக ஓடிக்கொண்டேயிருக்கலாம். வினையும் பயனும் ஓர் அடியின்கீழ் ஒன்றாய் நிகழ்கின்றன. எஞ்சிய நீலம் எங்குள்ளது என்று ஓடியே காணுதல் வேண்டும். காமிரா ஒன்றும் சொல்வதில்லை. நீலமும் மஞ்சளும் அவ்வண்ணனுக்கு நன்கு பிரிந்து தெரியும் நிறங்கள். சென்ற பருவத் தேர்வு முடிந்த மாலையில் அக்களத்தை அவரிடம் கொடுத்தோம். எங்களுள் எவரையும் ஒரு சொல்லும் கேளாது, எல்லா ஓட்டையும் மஞ்சளாக்கி விண்மீனை எடுத்துவிட்டு, “அடுத்தது யாரு?” என்று கைக்கருவியை நீட்டினார்.